என் வாயில் டோர்ச் இருந்தது

பேய், பிசாசு, காத்துக் கறுப்பு என்று யாராவது கதையைத் தொடங்கினால் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போகிற ஆள் நான். வீட்டு வாசலில் மனைவி கண்ணூறுக்கு என்று கட்டிய தேசிக்காயை மறுநாளே கழற்றிப் பிழிந்து, சீனி போட்டுக் குடித்து, அவளிடம் ஒரு கிழமை ஏச்சு வாங்கியவன். முப்பது வருஷமாக மெஷின் திருத்துகிறேன். மெஷின் தானாக நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தானாக ஓடினால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும், காரணம் கிடைக்கவில்லை என்றால் ஒழுங்காகத் தேடவில்லை என்று அர்த்தம். மீட்டரில் காட்டாத எதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே இதைச் சொல்லும்போது நீங்கள் உதட்டுக்குள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இவ்வளவு நேரம்கூட உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நடந்தது வெள்ளிக்கிழமை, பட்டப்பகல். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒடுக்கமான லேனுக்குள் நஸீர் ஹாஜியாருடைய வேர்க்‌ஷொப். பிஸ்கட் அச்சு, சவர்க்கார அச்சு எல்லாம் அங்கேதான் வெட்டுகிறார்கள். கம்ப்யூட்டரில் ஓடுகிற மில்லிங் மெஷின் ஒன்று இருக்கிறது, வெளிநாட்டில் யாரோ ஓட்டிக் களைத்து விற்றது, இங்கே வந்து இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால் அதற்கு நானும் ரவியும்தான் காரணம். ரவி அந்த மெஷினை ஓட்டுகிறவன், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையிலேயே குடும்பத்தோடு ஓர் அறையில் இருக்கிறான். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் கதைக்க மாட்டான். அவனைப்போல நிதானமான கை கொழும்பில் இன்னொன்று இல்லை என்று நான் எங்கேயும் சொல்லுவேன்.

மெஷினின் மேசையை இடம் வலமாக நகர்த்துகிறது ஒரு சேர்வோ மோட்டர். அதற்குத்தான் சுகமில்லை. காலையில் நன்றாக ஓடும், கால் மணித்தியாலம் போனதும் மேசை நடுங்கும், பிறகு அலார்ம் அடித்து நின்றுவிடும். "சூடேறினாத்தான் வருது அண்ணே" என்று ரவி போனில் சொன்னபோதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. போய், அந்த மோட்டரின் வயரையும் பக்கத்து மோட்டரின் வயரையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அலார்மும் இடம் மாறியது. அப்படியென்றால் கொன்ட்ரோல் பெட்டியில் பிழையில்லை, மோட்டரில்தான் பிழை. கழற்றித் திறந்தால் உள்ளே பால்மாதிரி கூலன்ட் தண்ணீர், பேரிங் கையால் சுற்றினாலே மணல் அரைத்தது. கூர்முனையால் அடையாளம் கீறி வைத்துவிட்டு, பின்பக்கத்தில் சுற்றை எண்ணுகிற சின்னப் பெட்டியைக் கழற்றி, பஞ்சிகாவத்தையில் வாங்கி வந்த பேரிங்கைப் போட்டு, தண்ணீர் புகாமல் தடுக்கிற சீல் றப்பரையும் மாற்றி, கீறின அடையாளத்திலேயே திரும்பப் பூட்டினேன். இரண்டு நாள் வேலை. பிழை விட இடமே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

இனி மோட்டரை மேசையின் திருகு தண்டோடு சேர்க்கவேண்டும். இரண்டையும் பிடித்துக்கொள்கிற கப்ளிங்கில் நாலு ஆணி, சுற்றிவரப் பக்கத்துக்கு ஒன்று. எட்டுவதற்கு இருப்பது ஒரேயொரு ஜன்னல், தீப்பெட்டி அளவு. ஓர் ஆணியை இறுக்கி, விரலை வெளியே எடுத்து, ரவி அந்தப் பக்கம் நின்று மோட்டரைக் கால்வாசி சுற்றினால்தான் அடுத்த ஆணி ஜன்னலுக்கு வரும். ஒவ்வொரு தடவையும் மெயின் கரன்ட்டை நிறுத்தவேண்டும் என்பது சட்டம். ஆனால் நிறுத்தினால் அந்தக் கிழட்டு மெஷின் திரும்ப எழும்ப ஏழெட்டு நிமிஷம் எடுக்கும். அதனால் நாங்கள் எமர்ஜென்சி பட்டனை மட்டும் அமத்தி வைப்போம், அதை எடுத்தால்தான் மோட்டர் அசையும். கெட்டித்தனம் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வது, உண்மையில் சோம்பேறித்தனம். அப்படிச் செய்யாத ஒரு மெக்கானிக்கை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்.

நான் நிற்பது மெஷினின் இடது கோடியில், அதை மூடியிருக்கிற தகரத்துக்குப் பின்னால். ரவி நிற்பது வலது முன்பக்கத்தில் பட்டன்களுக்கு முன்னால். ஒருவரை ஒருவர் காண முடியாது. அதற்காக ரவி கொண்டுவந்த பழக்கம் ஒன்று இருந்தது. பட்டனை எடுக்குமுன் அவன் "கை?" என்று கேட்பான். நான் "வெளியே" என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் எடுப்பான். பதில் வராவிட்டால் எத்தனை நிமிஷமானாலும் சிலைமாதிரி நிற்பான். மூன்று வருஷத்தில் ஒரு தடவையும் அது பிசகியதில்லை.

வெள்ளிக்கிழமை என்றேன் அல்லவா, பன்னிரண்டரைக்கு ஹாஜியாரும் மற்ற எல்லோரும் ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே நானும் ரவியும் மட்டும். மோட்டரின் புதுச் சத்தத்தைப் பதிவுசெய்து மெஷின் விற்ற கம்பனியின் எஞ்சினியருக்கு அனுப்பவேண்டும் என்று போனைக் காந்தத்தில் மோட்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டி ஓடவிட்டிருந்தேன், நிறுத்த மறந்துபோனேன். மூன்று ஆணி முடிந்தது. நாலாவது ஆணி முரண்டு பிடித்தது. ஒரு கையால் ஆணி இறுக்குகிற எலன் கீயைப் பிடித்து மற்றக் கையின் விரலால் ஆணியைத் தடவித் தேடவேண்டியிருந்தது. வெளிச்சம் போதவில்லை. டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டேன், றப்பர் பிடி போட்ட தடித்த டோர்ச், வாய் நிறைந்துவிட்டது.

அந்தப் பக்கம் ரவியின் குரல் கேட்டது, "கை?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, வாயில் டோர்ச். எப்படியும் பதில் வராமல் அவன் எடுக்கமாட்டான் என்று நான் பாட்டுக்கு ஆணியைத் தேடிக்கொண்டிருந்தேன். பயமே இல்லை. அடுத்து டக் என்று பட்டன் எழும்பிய சத்தம். அந்தச் சத்தம் எனக்கு முப்பது வருஷப் பழக்கம், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் மிச்சம் என்று என் உடம்புக்கே தெரியும். வலது கை தப்பி வந்துவிட்டது. இடது கையின் மோதிர விரல் கீக்கும் ஜன்னல் விளிம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கப்ளிங் கால்வாசிதான் சுற்றியது. அது போதும். இதோ பாருங்கள், நகம் இருக்கவேண்டிய இடம்.

ரவிதான் தன் சேர்ட்டைக் கழற்றிக் கையைச் சுற்றிக் கட்டி, த்ரீவீலில் தூக்கிப்போட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழி முழுக்க நான் அவனை ஏசினேன், இங்கே திரும்பச் சொல்ல முடியாத ஏச்சு. "பதில் வராம ஏன்டா பட்டனை எடுத்தனீ?" என்று கத்தினேன். அவன் முகம் சுவர்மாதிரி வெளுத்திருந்தது.

"நீங்க வெளியேன்னு சொன்னீங்க அண்ணே" என்றான்.

"வாய்க்குள்ள டோர்ச்சை வச்சுக்கொண்டு எப்பிடியடா நான் சொல்றது?"

ஜும்மா முடிந்து ஹாஜியார் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது அவரிடமும் அதையேதான் சொன்னேன். டோர்ச்சை எடுத்துப் பாருங்கள், றப்பரில் என் பல் பதிந்திருக்கிறது என்றேன். போய்ப் பார்த்திருக்கிறார், பதிந்திருந்தது. மறுநாளே ரவியை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார். விரலை வெட்டியது மட்டுமல்ல, வெட்டிவிட்டுப் பொய்யும் சொல்கிறான் என்றுதான் எல்லோரும் கதைத்தார்கள். கொழும்பில் இந்தத் தொழில் செய்கிற இடங்கள் கொஞ்சம்தான், ஓரிடத்தில் தும்மினால் மற்ற இடத்தில் கேட்கும். ஆள் உள்ளே கை வைத்திருக்க மெஷினை ஓட்டியவன் என்று பெயர் விழுந்தால் அதற்குப் பிறகு யாரும் அவனைப் பட்டனுக்குக் கிட்ட விடமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசாமல் இருந்தேன், வலிக்கிற விரல் எனக்கு அவ்வளவு நியாயம் கொடுத்திருந்தது.

பத்து நாள் கழிந்தது. வெள்ளவத்தையில் வீட்டில் கட்டுப் போட்ட கையோடு சும்மா இருக்கிறேன், அந்தக் கம்பனி எஞ்சினியர் மோட்டர்ச் சத்தம் எங்கே என்று கேட்டு மெசேஜ் போட்டிருந்தார். அப்போதுதான் பதிவு ஞாபகம் வந்தது. நல்ல துண்டாக வெட்டி அனுப்புவோம் என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இயர்போனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மோட்டரின் சத்தம் சுத்தமாக இருந்தது. பிறகு கீ உரசுகிற சத்தம், என் மூச்சு, ரவியின் "கை?", என் "வெளியே", பட்டன். இப்படி மூன்று தடவை. நாலாவது தடவை கீ நெடுநேரம் உரசியது.

"கை?"

"வெளியே."

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். அது என் குரல். என்னைப்போல ஒரு குரல் என்று சொல்லவில்லை, என் குரலேதான். நான் எதையும் சொல்லுமுன் தொண்டையை ஒருதரம் செருமுவேன், மனைவி அதைச் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணுவாள், அந்தச் செருமல்கூட இருந்தது. அதற்குப் பிறகு டக் என்று பட்டன், மோட்டரின் முனகல், வாய் அடைபட்ட ஒரு மிருகம்மாதிரி "ம்ம்ம்" என்று நான் அலறுவது, அலறல் திறந்து பெரிதாகும்போது டோர்ச் கீழே விழுந்து தகரத்தில் உருள்கிற சத்தம். அந்த ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் "வெளியே". கடைசியில்தான் டோர்ச் என் வாயிலிருந்து விழுகிறது. நடுவில் ஐந்து விநாடிகூட இல்லை, என் இரண்டு கை விரல்களும் ஜன்னலுக்குள்.

இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பப் போட்டேன். பதினைந்து தடவையாவது போட்டிருப்பேன். பிழை போனிலா, பழைய பதிவு ஏதும் மேலே ஏறிவிட்டதா, முந்தின பதிலின் எதிரொலியா என்று மெஷினைத் தேடுவதுபோலத் தேடினேன். முந்தின மூன்று பதில்களோடும் ஒப்பிட்டேன். ஒன்றோடும் பொருந்தவில்லை, புதிதாகச் சொன்ன பதில். அப்போதுதான் இன்னொன்று நெஞ்சில் இடித்தது. ரவி பொய் சொல்லவில்லை. பத்து நாளாக அந்த மனிதனை நான் பொய்யன் ஆக்கி வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே ஹாஜியாரிடம் போய்ப் போனைக் கொடுத்தேன். மூன்று தடவை கேட்டார்.

"மாஸ்டர், இது ஒங்கட குரல்தானே?"

"ஓம்."

"அப்ப நீங்க சொல்லித்தானே ஈக்கிய?"

டோர்ச் விழுகிற சத்தத்தைக் கவனியுங்கள் ஹாஜியார், அது பிறகுதான் வருகிறது என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வாயில டோர்ச் ஈந்தா மனிசன் எப்பிடிப் பேசுற? நீங்க பேசித்தான் ஈக்கிய. வலியில ஒங்களுக்கு நெனவில்ல."

எனக்கு விளங்கிவிட்டது. நான் சொல்லவில்லை என்று நின்றால், சொன்னது யார் என்று கேட்பார், அதற்கு என்னிடம் பதில் இல்லை, ரவியின் பெயர் அந்தரத்தில் தொங்கும். நான்தான் சொன்னேன் என்றால் எல்லாம் சரி. விரலும் என்னுடையது, பிழையும் என்னுடையது, ரவி சுத்தம்.

"ஓம் ஹாஜியார், நான்தான் சொன்னன்" என்றேன். "அவன்ல பிழையில்ல. கூப்பிடுங்க."

முப்பது வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வாயாடி, பொய்யன், ஏழை ஒருவனின் வயிற்றில் அடித்தவன் என்று அந்தக் கண் சொன்னது. பட்டும் படாமலும் தலையை ஆட்டிவிட்டு, "போய் நீங்களே கூட்டிட்டு வாங்க" என்றார்.

ரவி பேலியகொடை மீன் மார்க்கட்டில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். அச்சில் ஒரு மயிரிழை பிசகினால் கண்டுபிடிக்கிற கை, ஐஸ் தண்ணீர் ஒழுகுகிற பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தது. என்னைக் கண்டதும் இறக்கி வைத்துவிட்டு முதலில் என் விரலைத்தான் பார்த்தான். ஹாஜியார் கூப்பிடுகிறார், நான்தான் சொன்னேன் என்று அவரிடம் ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று சொல்லி முடித்தேன்.

அவன் சந்தோஷப்படவில்லை. சேர்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஏன் அண்ணே பொய் சொன்னீங்க?" என்றான்.

"என்ன பொய்?"

"நீங்க சொல்லல்லன்னு எனக்குத் தெரியும்."

சுற்றிவர மீன் ஏலம் கூவுகிறார்கள், சிங்களத்திலும் தமிழிலும் கத்துகிறார்கள், அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அவன் மெல்லச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"நீங்க பேசினா தகரத்துக்குப் பின்னாலேருந்து வரும். மூணு வருசமா அப்பிடித்தான் வருது. அன்னைக்கு அங்கேருந்து வரல்ல அண்ணே. எனக்குப் பக்கத்துல, இந்தக் காதுகிட்ட வந்துச்சி. நீங்க என் தோளோட நின்னு சொல்ற மாதிரி."

"பிறகு ஏன் எடுத்தனீ?"

"உங்க குரலாச்சே. அதைக் கேட்டா என் கை தானா எடுத்துரும். எடுத்துட்டுத்தான் திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல."

இதை ஏன் ஹாஜியாரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "பொய்யன்னு சொன்னா வேற வேலை தேடலாம் அண்ணே, பைத்தியம்னு சொன்னா எங்க போறது?" என்றான். அவன் சொன்னதில் பிழை பிடிக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் விடவில்லை. "இல்ல ரவி, நான்தான் சொன்னன், உனக்குத் தகரத்தில பட்டு அப்பிடிக் கேட்டிருக்கும்" என்றேன். அவன் திரும்ப அந்தப் பட்டனுக்கு முன்னால் நிற்கவேண்டியவன் இல்லையா, நித்திரை கொள்ளவேண்டியவன் இல்லையா. அவன் சரி என்றான். என் பொய்யை அவன் நம்பவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் இயர்போனைப் போட்டேன். இந்தத் தடவை சொல்லைக் கேட்கவில்லை, தூரத்தைக் கேட்டேன். போன் இருந்தது என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. முதல் மூன்று "வெளியே"யும் காதில் அறைகிறமாதிரிப் பெரிதாக விழுகின்றன. என் அலறல் இயர்போனைக் கிழிக்கிறது. ரவியின் "கை?" மட்டும் மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மங்கலாக வருகிறது. நாலாவது "வெளியே"யும் அதே மங்கலில், அதே அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. பயத்தில் இத்தனை தடவை கேட்டும் அதை நான் கவனிக்கவில்லை. பஸ் வெள்ளவத்தையைத் தாண்டி தெஹிவளைக்குப் போன பிறகுதான் இறங்கவேண்டும் என்ற நினைவே வந்தது.

ரவி வேலைக்குத் திரும்பிவிட்டான். ஹாஜியார் என்னோடு பழையபடி சிரிப்பதில்லை, ஆனாலும் அந்த மெஷினுக்கு வேறு ஆள் இல்லாததால் கூப்பிடுகிறார். இப்போது மெயினை நிறுத்தாமல் நான் விரல் வைப்பதில்லை. "கை?" என்று ரவியும் கேட்பதில்லை. மெஷினைச் சுற்றி என்னிடம் நடந்து வருவான், என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துப் பார்ப்பான், பிறகு போய்த்தான் மெயினைப் போட்டு பட்டனை எடுப்பான். பார்க்கிறவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாக இருக்கும்.

போன மாதம் அதே மோட்டரின் வயரை மாற்றினேன். நல்ல வெயில், வேர்க்‌ஷொப் நிறைய ஆட்கள். ரவி வந்தான், என் கைகளைப் பிடித்துப் பார்த்தான், திரும்பிப் போனான். நான் தகரத்துக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ரவியின் குரல் வந்தது, யாருக்கோ பதில் சொல்கிற குரல்.

"சரி அண்ணே."

உடனே அவன் பட்டனை எடுக்காமலே திரும்பவும் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.